வெட்டிய ஈரல் யார் சொல்லி வளர்கிறது?

1998 நவம்பரில் டெல்லியில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தைக்குப் பித்த நாளங்கள் பிறவியிலேயே அடைபட்டிருந்தன. தந்தையின் கல்லீரலிலிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்துக் குழந்தைக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அறுவை அது. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, மருத்துவராகவும் ஆகிவிட்டார்.

செய்தியைப் படிப்பவர்கள் குழந்தை பிழைத்ததை எண்ணி மகிழ்வார்கள். நானும் மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. ஒரே ஈரலின் இரண்டு துண்டுகள். இரண்டிலும் இருப்பவை ஒரே மனிதரின் செல்கள். தந்தையிடம் தங்கிய துண்டு அவருடைய உடம்புக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கிறது. மகனிடம் போன துண்டு சிறிய உடம்புக்கு ஏற்ற அளவில் நின்று, பிறகு அவன் வளர வளரத் தானும் வளர்கிறது. எவ்வளவு வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் துண்டுகளுக்கு யார் சொன்னார்கள்?

பதிலில் பெரும்பகுதி இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களிலும், அவற்றைப் பிடித்துக்கொள்ள ஈரல் செல்கள் வைத்திருக்கும் ஏற்பிகளிலும் இருக்கிறது. ஹார்மோன்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஏற்பிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை ஏற்பிகளின் பக்கம் நின்று எழுதப்படுகிறது. ஈரல் மறுபடி வளரும் நாட்களில் இரத்தத்தில் வரும் செய்தி எவ்வளவு மாறுகிறதோ, அந்தச் செய்தியைக் கேட்கும் விதமும் அவ்வளவு மாறுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். பள்ளிப் பாடநூல்கள் இதை 'இழப்பு மீட்டல்' என்று சொல்கின்றன. பொருத்தமான சொல்தான். ஆனால் உடனே பல்லியின் வால் நினைவுக்கு வந்துவிடுகிறது. பல்லிக்கு அறுந்த இடத்திலேயே புது வால் முளைக்கிறது. ஈரலில் அப்படி நடப்பதில்லை. வெட்டியெடுத்த மடல் திரும்ப முளைக்காது; வெட்டுப்பட்ட இடம் வெட்டுப்பட்டபடியே ஆறிவிடும். மிச்சமிருக்கும் மடல்கள் பருத்து, மொத்த எடையைச் சரிசெய்துவிடுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் இருவர் வெளியூர் போய்விட்டால் மீதியிருப்பவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதைப் போல. ஈரலுக்கு உருவம் முக்கியமில்லை, வேலை நடந்தால் போதும். இரத்தத்தைச் சுத்திகரிப்பது, சர்க்கரையைச் சேமிப்பது, புரதங்கள் செய்வது, பித்த நீர் சுரப்பது ஆகிய வேலைகளுக்குத் தேவையான மொத்தச் செல்களும் உடம்பில் இருந்தாக வேண்டும்.

இதை ஆராய இன்றுவரை பயன்படும் முறையை 1931-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் வகுத்துத் தந்தார்கள். எலியின் ஈரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்து கிடக்கும். இரண்டு பெரிய மடல்களின் அடியில் நூலைக் கட்டி வெட்டியெடுத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈரல் போய்விடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மிச்சமுள்ள மடல்களில் கத்தி படுவதே இல்லை. அங்கே காயமில்லை, நஞ்சில்லை, வீக்கமில்லை. ஆகவே அந்தச் செல்கள் பெருகத் தொடங்கினால் அது தன் காயத்துக்கு மருந்திடும் வேலையாக இருக்க முடியாது. எங்கிருந்தோ செய்தி வந்திருக்க வேண்டும். எலியின் ஈரல் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பழைய எடையை எட்டிவிடுகிறது. மனிதரில் இதற்கு மாதங்கள் ஆகும் என்றாலும் முதல் ஓரிரு வாரங்களில்தான் வேகம் அதிகம்.

செய்தி இரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது என்பதை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் நான்சி புக்கர் என்ற ஆராய்ச்சியாளர். 1967-ல் மூல்டனும் அவரும் வெளியிட்ட சோதனையில், இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் ஈரலை வெட்டினார்கள். கத்தியே படாத மற்ற எலியின் ஈரலிலும் செல்கள், பிரிந்து பெருகுவதற்கு முன்படியாக, டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கத் தொடங்கின. ஒரு வீட்டு இழப்புக்கு இன்னொரு வீட்டில் அழுகுரல் எழுந்தது போல.

இரத்தம் ஈரலுக்கு மட்டும் போவதில்லை. மூளைக்கும் தசைக்கும் தோலுக்கும் அதே இரத்தம்தான் ஓடுகிறது. அப்படியானால் ஈரல் மட்டும் ஏன் எழுந்து நிற்கிறது?

எழும்பூர் ரயில் நிலையத்தில் இரவு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வருகிறது: நெல்லை எக்ஸ்பிரஸ் இந்த நடைமேடைக்கு வருகிறது. எல்லோர் காதிலும் ஒரே ஒலிதான் விழுகிறது. வேறு வண்டிக்குக் காத்திருப்பவர் அசைவதில்லை. அந்த வண்டிக்கு டிக்கெட் வைத்திருப்பவர் மூட்டையைத் தூக்குகிறார். போர்ட்டர் ஓடுகிறார். தேநீர் விற்பவர் தன் பாத்திரத்தை நடைமேடை ஓரத்துக்கு நகர்த்துகிறார். அறிவிப்பு ஒன்று, அதைக் கேட்டு எழுகிறவர்கள் யார், எழுந்து என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் கையில் இருப்பதைப் பொறுத்தது. ஹார்மோன் அந்த அறிவிப்பு என்றால், ஏற்பி அந்த டிக்கெட். ஏற்பி இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வெறும் ஓசை.

ஏற்பி என்பது ஒரு புரதம். குறிப்பிட்ட ஹார்மோன் வந்து உட்கார அதில் ஓர் இடம் உண்டு. ஹார்மோன் உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்று மாறும். அந்த மாற்றம்தான் செல்லுக்குள் போகும் செய்தி. ஏற்பிகள் இருக்கும் இடம் இரண்டு வகை. இன்சுலின், குளுக்ககான், நார்அட்ரினலின் போன்றவை செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகமாட்டா. அவற்றுக்கான ஏற்பிகள் சவ்வில் நின்றபடி, வெளிமுகத்தால் பிடித்து உள்முகத்தால் செய்தியைக் கடத்துகின்றன. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு ஹார்மோன் போன்றவை செல்லுக்குள் புகுந்துவிடும். அவற்றின் ஏற்பிகள் உள்ளே காத்திருக்கின்றன. ஹார்மோனைப் பிடித்ததும் உட்கருவில் டி.என்.ஏ.வின் மீது அமர்ந்து, எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்பதை நேரடியாகவே மாற்றுகின்றன.

ஒரு செல் தன் ஏற்பிகளைக் கூட்டலாம், குறைக்கலாம், இடம் மாற்றலாம், ஒரு வகையை விட்டு இன்னொரு வகைக்குத் தாவலாம். மறுவளர்ச்சியின்போது ஈரல் செல் இவை அனைத்தையும் செய்கிறது.

வெட்டு நடந்த முதல் சில நிமிடங்களிலிருந்து பார்ப்போம். குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஈரல் போய்விட்டால் இந்த இரத்தம் முழுவதும் மிச்சமுள்ள ஒரு பங்கின் வழியாகவே போயாக வேண்டும். மூன்று வாய்க்காலில் பாய்ந்த தண்ணீரை ஒரே வாய்க்காலில் திருப்பிவிட்டது போல, ஒவ்வொரு செல்லுக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு இரத்தம், அதனோடு மூன்று மடங்கு செய்தி. கணையமோ குடலோ எதையும் கூடுதலாகச் சுரக்க வேண்டியதில்லை. கேட்கும் காதுகள் குறைந்ததே போதும். உடம்பின் அளவுக்கு ஈரல் சிறிதாக இருக்கிறது என்ற சேதி இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்து நிமிடங்களுக்குள் யூரோகைனேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாகிறது. ஈரலின் செல்களுக்கு இடையே உள்ள நார்ப்பொருளில், ஈரல் செல் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் செயலற்ற நிலையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எச்.ஜி.எஃப். என்பது அதன் சுருக்கப் பெயர். நொதிகள் அதை வெட்டித் திறந்துவிடுகின்றன. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எலியின் இரத்தத்தில் இதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதைத் தேடிக் கண்டார்கள். எந்த ஏற்பியின் மீது இது அமர்கிறது என்பது 1991-ல் தெளிவானது. அந்த ஏற்பியின் பெயர் மெட். வேடிக்கை என்னவென்றால், மெட் அதற்கு முன்பே புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த புரதம். செல்லைப் பெருகச் சொல்லும் ஏற்பி கட்டுக்குள் இருந்தால் ஈரல் வளர்கிறது. கட்டறுந்தால் கட்டி வளர்கிறது.

மெட்டுக்குத் தோள்கொடுக்கும் இன்னொரு ஏற்பி ஈ.ஜி.எஃப். ஏற்பி. இதற்குரிய ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. முன்சிறுகுடலின் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. அங்கிருந்து போர்ட்டல் சிரை வழியாக நேரே ஈரலுக்கு வந்து சேரலாம்.

இந்த ஏற்பியைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு தொடக்கநிலை வாசகர்களை நிச்சயம் குழப்பும்; என்னையும் குழப்பியது. 1980-களின் தொடக்கத்தில், ஈரல் மறுபடி வளரும்போது செல்லின் மேலுள்ள ஈ.ஜி.எஃப். ஏற்பிகளின் எண்ணிக்கையை அளந்தார்கள். கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைந்திருந்தது. வளர வேண்டிய நேரத்தில், வளரச் சொல்லும் ஏற்பி ஏன் குறைய வேண்டும்?

சவ்வில் நிற்கும் ஏற்பி தன் ஹார்மோனைப் பிடித்ததும் பல நேரம் அங்கேயே நிற்பதில்லை. சவ்வின் அந்தப் பகுதி குழிந்து, ஏற்பியையும் ஹார்மோனையும் சேர்த்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன ஏற்பியில் ஒரு பகுதி அழிக்கப்படும், ஒரு பகுதி திரும்பி வரும். ரேஷன் கடையில் அரிசி மூட்டைகள் குறைந்திருந்தால் கடை மூடிக் கிடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். விநியோகம் மும்முரமாக நடக்கிறது என்றுதான் பொருள். ஏற்பிகளின் குறைவுக்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். எண்ணிக்கை ஒன்று, செயல்பாடு வேறொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் ஏற்பிகளைப் பற்றி எதைப் படித்தாலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏற்பி குறைந்தது என்று ஒரு செய்தியில் வந்தால், பயன்பட்டுக் குறைந்ததா, உற்பத்தியே நின்று குறைந்ததா என்று கேளுங்கள்.

அடுத்து நார்அட்ரினலின். பதற்றத்தில் இதயத்தைப் படபடக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த அதே பொருள். ஈரலை வெட்டியதும் இரத்தத்தில் இது ஏறுகிறது. தனியாக இதனால் ஈரல் செல்லைப் பிரிய வைக்க முடியாது. ஆனால் ஈ.ஜி.எஃப். தரும் தூண்டுதலைப் பல மடங்கு வலுவாக்கும். வளர்ச்சியைத் தடுக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதத்தின் பிடியையும் தளர்த்தும். இந்த உதவி ஆல்ஃபா-1 என்ற ஏற்பி வழியாக வருகிறது. அந்த ஏற்பியை மறைக்கும் பிரசோசின் மருந்தை எலிக்குக் கொடுத்தால் டி.என்.ஏ. பிரதியெடுப்பு பின்தங்குகிறது.

அதன் பிறகு நடப்பதுதான் அழகு. வளர்ந்த ஆண் எலியின் ஈரல் செல் நார்அட்ரினலின், அட்ரினலின் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆல்ஃபா-1 வழியாகத்தான் கேட்கிறது. பிறந்த குட்டியின் ஈரலிலோ பீட்டா ஏற்பியின் குரல்தான் ஓங்கியிருக்கும். வயது ஏற ஏற அது அடங்கிவிடும். ஈரலை வெட்டியபின், மிச்சமுள்ள செல்களில் பீட்டா ஏற்பியின் செயல்பாடு மறுபடி தலைதூக்குகிறது. இளமையில் பேசிய மொழியைச் செல் மீண்டும் பேசத் தொடங்குகிறது. ஆல்ஃபா-1 ஏற்பி செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்திச் செய்தி சொல்லும். பீட்டா ஏற்பி சுழல் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் வழியாகச் சொல்லும். வெளியே இருக்கும் ஹார்மோன் அதேதான். உள்ளே போய்ச் சேரும் வாக்கியம் வேறாகிவிட்டது.

இன்சுலினை எல்லோரும் சர்க்கரை நோயோடு சேர்த்தே அறிந்திருக்கிறோம். ஈரலின் உடல்நலத்துக்கு அது எவ்வளவு அடிப்படையானது என்பதைக் காட்டியவர் தாமஸ் ஸ்டார்சல். 1963-ல் மனிதருக்கு முதன்முதலில் கல்லீரல் மாற்று அறுவை செய்தவர் அவர்தான். நாய்களில் போர்ட்டல் சிரையைத் திருப்பி, ஈரலுக்குள் போகாமல் நேரே பெருஞ்சிரையில் இணைத்துவிட்டால், ஈரல் செல்கள் சில நாட்களில் சுருங்கிப்போகின்றன. நிகோலாய் எக் என்ற ரஷ்ய மருத்துவர் 1877-லேயே செய்த இணைப்பு இது. 1970-களில் ஸ்டார்சலின் குழு இதே நிலையில் உள்ள நாய்களுக்கு, ஈரலின் இடப்பக்கம் போகும் போர்ட்டல் கிளையில் மட்டும் இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பார்த்தது. இடப்பக்கச் செல்கள் பெருமளவு காப்பாற்றப்பட்டன. அதே நாயில், அதே ஈரலில், வலப்பக்கம் சுருங்கியது. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? ஈரலின் இரண்டு பக்கங்களிலும் இன்சுலின் ஏற்பிகள் இருந்தன. ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொல் வந்து சேர்ந்தது.

1975-ல் புக்கரும் ஸ்வாஃபீல்டும் இன்னொரு படி போனார்கள். வயிற்று உறுப்புகள் அகற்றப்பட்ட எலிகளில் ஈரல் சரியாக மறுவளர்ச்சி அடைவதில்லை. அவற்றுக்கு இன்சுலினையோ குளுக்ககானையோ தனியாகக் கொடுத்தால் பெரிய பலனில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வளர்ச்சி மீண்டது. சர்க்கரை விஷயத்தில் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு ஹார்மோன்கள் இங்கே ஒன்றாகக் கைகொடுக்கின்றன.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பால் ஹார்மோன்களின் ஏற்பிகள்.

ஈரலுக்கும் ஆண், பெண் வேறுபாடு உண்டு என்பதே பலருக்குப் புதிதாக இருக்கும். வயதுவந்த ஆண் எலியின் ஈரல் சில நொதிகளையும் புரதங்களையும் பெண் எலியைவிட மிக அதிகமாகச் செய்கிறது. ஆண் எலியின் ஈரலில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடிக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் உண்டு, ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பியும் உண்டு. ஆண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு ஓடுகிறது. ஈரல் அதைக் கேட்கிறது.

1980-களில் இத்தாலியின் ஃபிரான்காவில்லா, ஸ்டார்சல், வான் தீல் ஆகியோர் சேர்ந்து ஆண் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டு, நாள்தோறும் இந்த ஏற்பிகளை அளந்தார்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சரிந்தது, ஈஸ்ட்ரோஜன் ஏறியது. ஈரல் செல்லில் ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் குறைந்தன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளோ உட்கருவில், அதாவது டி.என்.ஏ.வோடு இணைந்து வேலைசெய்யும் இடத்தில், பெருகின. செல்கள் மும்முரமாகப் பெருகும் நாட்களோடு இந்த ஏற்றம் ஒத்துப்போனது. அதோடு ஆண் ஈரலுக்கே உரிய சில புரதங்களும் குறைந்து, பெண் எலியில் காணும் அளவை நெருங்கின. வளரும் நாட்களில் ஆண் எலியின் ஈரல் தன் ஆண் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது என்றே சொல்லலாம்.

இது வெறும் உடன்நிகழ்வா, காரணமா? ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும் டாமாக்சிஃபென் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது செல் பெருக்கம் தடைப்பட்டது. ஆகவே ஏதோ ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஈரலின் பெரும்பகுதியை அறுவையில் இழந்த மனிதர்களின் இரத்தத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதும் டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதும் காணப்பட்டிருக்கின்றன. அதற்காக ஈஸ்ட்ரோஜன்தான் ஈரலை வளர்க்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. அது துணை நிற்கும் கை. தேரை இழுப்பவர்கள் மெட்டும் ஈ.ஜி.எஃப். ஏற்பியும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பவர்கள், பாதையைச் சீராக்குபவர்கள் பலர். அவர்களில் ஒருவர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி.

ஈரல் தானே சுரக்கும் பித்த அமிலங்களும் இங்கே ஹார்மோன் போலவே நடந்துகொள்கின்றன. பித்த அமிலங்கள் குடலுக்குள் போய்க் கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாகவே ஈரலுக்குத் திரும்பி வருகின்றன. ஈரல் சிறிதாகிவிட்டால் திரும்பி வரும் அமிலம் ஒவ்வொரு செல்லுக்கும் அதிகமாகிறது. அளவு மிஞ்சினால் பித்த அமிலம் செல்லுக்கே கேடு. செல்லுக்குள் உள்ள எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி இந்த மிகுதியை உணர்ந்து, புதிதாகப் பித்த அமிலம் செய்வதைக் குறைக்கிறது. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் ஈரலின் மறுவளர்ச்சி தாமதமாவதைக் காட்டியது. தன்னிடம் வந்து குவியும் வேலையின் அளவை வைத்தே ஈரல் தன் சிறுமையை உணர்கிறது. எந்த மேலாளரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தைராய்டு ஹார்மோன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெட்டே நடக்காத எலிக்கு டி-3 என்ற தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தாலும் ஈரல் செல்கள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. இங்கே வேலை செய்வது ஈரலில் மிகுதியாக உள்ள தைராய்டு ஏற்பி பீட்டா. இதே ஏற்பியை மட்டும் குறிவைக்கும் ரெஸ்மெடிரம் என்ற மருந்தை, கொழுப்பு படிந்து வீங்கித் தழும்பேறும் ஈரலுக்காக 2024 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. அது ஈரலை வளர்க்கும் மருந்து இல்லை. ஈரலுக்குள் கொழுப்பைக் கையாளும் விதத்தைச் சீராக்கும் மருந்து. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. ஈரலை வளர்க்கலாம் என்று எண்ணித் தைராய்டு மாத்திரையையோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரையையோ யாரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்திலும் தைராய்டு ஏற்பிகள் உண்டு, மார்பகத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உண்டு. ஈரலுக்கு என்று அனுப்பிய அறிவிப்பு எல்லா நடைமேடைகளிலும் கேட்கும்.

இத்தனை ஏற்பிகள் எதற்கு? ஒன்று போதாதா? ஒன்றை மட்டும் நம்பியிருந்தால், அதில் பழுது நேரும் நாளில் உயிரே போய்விடும். ஈரலில்லாமல் உடம்பு சில நாட்கள்கூடத் தாங்காது. ஆகவே ஒரு ஏற்பியை நீக்கினால் மறுவளர்ச்சி பொதுவாகத் தாமதமாகிறது, முற்றிலும் நிற்பதில்லை. 2016-ல் பிட்ஸ்பர்க்கில் மைக்கலோபோலஸ் குழுவினர் மெட், ஈ.ஜி.எஃப். ஏற்பி இரண்டையும் ஒருசேர முடக்கிப் பார்த்தார்கள். அப்போதுதான் சுண்டெலிகளின் ஈரல் வளரவே இல்லை, அவை இறந்தன. துணை ஏற்பிகள் எத்தனை இருந்தாலும் தேரின் வடத்தைப் பிடிக்க இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்பது அந்தச் சோதனையில் உறுதியானது.

நிறுத்துவதும் ஏற்பிகளின் வழியாகவே நடக்கிறது. முன்பு சொன்ன டி.ஜி.எஃப். பீட்டா, ஈரல் செல்லின் பெருக்கத்துக்குப் போடப்படும் தடை. விந்தை என்னவென்றால், செல்கள் பெருகிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே இதன் அளவும் ஏறத் தொடங்கிவிடுகிறது. தடைக்கட்டை ஏறியபின்னும் வண்டி எப்படி ஓடுகிறது? அந்த நாட்களில் ஈரல் செல்கள் டி.ஜி.எஃப். பீட்டாவுக்கான தங்கள் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. நிறுத்து என்ற குரல் வெளியே எழுகிறது. செல் காதைப் பொத்திக்கொள்கிறது. வேலை முடியும்வரைதான் இந்தப் பிடிவாதம். ஈரல் வளர வளர ஒவ்வொரு செல்லுக்கும் வரும் போர்ட்டல் இரத்தம் குறைகிறது, பித்த அமிலம் குறைகிறது, தூண்டும் குரல்கள் தணிகின்றன.

மனிதர்களுக்கு இது எங்கே பயன்படுகிறது என்று பார்த்தால், கொடையாளரிடம் பொதுவாக மொத்த ஈரலில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கும் கீழே போனால் போர்ட்டல் இரத்தத்தின் வேகம் தாங்காமல், தூண்டுதலாக இருக்க வேண்டியதே காயமாகிவிடும் அபாயம் உண்டு. தண்ணீர் அதிகமாகப் பாய்ந்தால் பயிர் வளர்வது நின்று வரப்பு உடைவது போல.

குடியாலோ, மஞ்சள் காமாலைக் கிருமிகளாலோ, கொழுப்பாலோ ஈரல் பல்லாண்டுகள் அடிபட்டுச் சுருங்கிப்போனவர்களைப் பார்க்கும்போது, இவ்வளவு ஆற்றல் உள்ள உறுப்பு ஏன் தன்னை மீட்டுக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழும். ஓயாமல் பிரிந்து பிரிந்து செல்கள் களைத்துவிடுவது ஒரு காரணம். தழும்பு இன்னொரு காரணம். ஈரல் முழுவதும் தழும்பேறி இறுகியபின் போர்ட்டல் இரத்தம் உள்ளே நுழையத் திணறுகிறது. அது குறுக்கு வழி தேடி, உணவுக்குழாயைச் சுற்றியுள்ள சிரைகளுக்குள் பாய்கிறது. அந்தச் சிரைகள் புடைத்து உடைந்துதான் சிலர் இரத்த வாந்தி எடுக்கிறார்கள். அப்படி வழிமாறிப் போகும் இரத்தத்தில்தான் கணையத்தின் இன்சுலினும் குளுக்ககானும் குடலிலிருந்து வரும் செய்திகளும் இருக்கின்றன. எக் செய்த இணைப்பைத் தழும்பு தானாகவே செய்துவிடுகிறது. மிச்சமுள்ள ஈரல் செல்களின் மேல் ஏற்பிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு வர வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.